மூடுபனிக்குள் பெயர் சொல்லி அழைத்தவருக்கு

கேமரன் மலை, ரிங்லெட், புக்கிட் கெலாடித் தேயிலைத் தோட்டத்தின் வெளிக்களக் கண்டக்டராகவும் தோட்டக் கால்பந்து மன்றத்தின் செயலாளராகவும் முப்பத்தேழு ஆண்டுகள் தொண்டாற்றிப் பணி நிறைவு பெறும் திரு. திருச்செல்வம் அவர்களுக்குத் தோட்டப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் மடல்

மலைமேல் வாழ்ந்தும் தலைமேல் கனம் ஏற்றிக்கொள்ளாத மாண்பாளரே! கொழுந்தின் பதம் அறிந்த கைகளுக்கும் கூட்டத்தின் மனம் அறிந்த காதுகளுக்கும் உரியவரே! வெறுந்திடலை விழாத்திடலாக்கிய வித்தகரே! ஒரே ஒரு முறை ஆலைச் சங்கை ஊதவைத்து, தோட்டத்து அடுப்புகளை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு மக்களை ஓடிவரச் செய்த அண்ணலே! எங்கள் கண்டக்டர் ஐயா! கூடியிருக்கும் எங்கள் எல்லோருடைய கூப்பிய கரங்களும் தங்களை வணங்குகின்றன.

இம்மடலை எழுதும் பொறுப்பு அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாகிய மலரிடம், அதாவது இதை இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் என்னிடம், ஒப்படைக்கப்பட்டது. தானா ராத்தாப் பட்டணத்தில் ஓர் அச்சகத்தில் ஆயத்த மடல்கள் கிடைக்கின்றன. "கருணைக் கடலே, கடமைக் கதிரவனே" என்று தொடங்கும் அவற்றில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். தலைமையாசிரியருக்கும் அதே கடல்தான், தபால்காரருக்கும் அதே கதிரவன்தான். பெயர் சொல்லி அழைப்பதையே தொண்டாகக் கொண்ட ஒருவருக்குப் பெயர் மாற்றிய மடலைக் கொடுப்பது அடுக்காது என்று மன்றத்தின் செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. ஆகவே இது தங்களுக்கென்றே எழுதப்பட்டது. இதில் பெருமை தென்படும் இடங்கள் தோட்டத்துக்கு உரியவை. குறும்பு தென்படும் இடங்களுக்கு மட்டும் நானே பொறுப்பு.

வெளியூர் விருந்தினர்கள் கண்டக்டர் என்றதும் தாப்பா பேருந்தில் சீட்டுக் கிழிப்பவர் என எண்ணிவிட வேண்டாம். தேயிலை மலையில் வெளிவேலை முழுவதற்கும் பொறுப்பானவரே கண்டக்டர். எந்த மலையில் இன்று கொழுந்து எடுப்பது, எந்த மலையைக் கவாத்து வெட்டி ஓய்வுக்கு விடுவது, எந்தச் சரிவில் மழைக்குப்பின் மண் இளகியிருக்கிறது, ஆகவே எவரையும் அங்கே அனுப்பக்கூடாது என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்லில் நடப்பவை. அந்தச் சொல்லை அளந்து சொன்னவர் தாங்கள். அதனால்தான் தங்கள் காலத்தில் மண் சரிந்து போன உயிர் என்று ஒன்றும் இந்தத் தோட்டத்தில் இல்லை. கொழுந்து மூட்டை மழையில் நனைந்து வந்தால், கண்ணை மூடிக்கொண்டு தண்ணீருக்கென எடையைக் கழிக்காமல், மூட்டையைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு அளைந்து பார்த்து, நியாயமாகக் கழித்தீர்கள். மேலிடத்துக்குச் சில நாள் கோபம் வந்தது. தங்களுக்கு ஒருநாளும் பயம் வந்ததாக நாங்கள் காணவில்லை.

தங்கள் பணிகளிலெல்லாம் எங்கள் நெஞ்சில் நிலைத்தது அதிகாலைப் பெரட்டு. வேலைக்கு வந்தோரை வரிசையாக நிறுத்திப் பெயர் சொல்லி அழைத்து ஆளெடுக்கும் வழக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் மலையில் அந்நேரம் பனி எப்படி இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்பவரின் தொப்பி தெரிந்தால் அன்றைக்கு வெயில் என்று பொருள். அந்தப் பனியை நோக்கித் தாங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக அழைப்பீர்கள். "இருக்கேன்யா" என்று நம்மவர் குரல் கொடுப்பார்கள். வங்காளதேசத்துத் தோழர்கள் மலாயில் "ஆடா, போஸ்" என்பார்கள், பொருள் ஒன்றுதான். முகம் காணாமலேயே குரலைக் கொண்டு குறை அறிவீர்கள். "தொண்டை கட்டியிருக்கு, நீ மலைக்குப் போகாத, பேக்டரிக்குள்ள நில்லு" என்று தாங்கள் சொல்லி, காய்ச்சலிலிருந்து தப்பியவர்கள் இந்த மண்டபத்தில் பலர் அமர்ந்திருக்கிறார்கள்.

தாங்கள் விடுப்பில் சென்றிருந்த ஒருநாள், பெரட்டு எடுக்க என்னை அனுப்பினார்கள். ஒரு பெயரைச் சொன்னேன், பதில் இல்லை, வரவில்லை என்று அடுத்த பெயருக்குத் தாவிவிட்டேன். திரும்பி வந்து அதைக் கேள்விப்பட்ட தாங்கள் என்னைத் திட்டவில்லை. "பதில் வரலன்னா ஆளு வரலன்னு அர்த்தம் இல்லம்மா. பனியில நிப்பான். இன்னொரு தடவ கூப்பிட்டுப் பாரு" என்றீர்கள். அதைச் சாதாரண வேலைக் குறிப்பு என்றே அன்று எடுத்துக்கொண்டேன்.

இனி, தங்கள் பெயரோடு என்றும் பிரியாதிருக்கப் போகும் திடலின் கதைக்கு வருகிறோம்.

மலைத் தோட்டங்கள் தமக்குள் ஆடும் சுழற்கிண்ணக் கால்பந்துப் போட்டி நம் திடலில் நடப்பது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் நிலை எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்வோம். ஆடுவதற்கு இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். பார்ப்பதற்கு அத்தனை பேர் இல்லை. வந்தவர்களும் முழங்கால் வலியோடு வந்து, முக்காடு போட்டு அமர்ந்து, முதல் பாதியிலேயே கண்ணயரும் பெரியவர்கள். இளையோர் ஞாயிறு வந்தால் மோட்டர் சைக்கிள் ஏறித் தானா ராத்தாவுக்குப் பறந்தார்கள். பறக்காதவர்கள் கைப்பேசிக்குள் இறங்கினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாலு மணிக்கு மேல் பனி இறங்கினால் இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல் தெரியாது. கோல் விழுந்ததா என்பதை ஆட்டம் முடிந்தபின் ஆட்டக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நிலையில்தான் நம் நிர்வாகி, துரை கைருல் அவர்கள், தங்களை அலுவலகத்துக்கு அழைத்தார். அவரும் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். தேநீர் அருந்தச் சுற்றுப்பயணிகள் பெருகிவிட்டார்கள், வண்டி நிறுத்த இடமில்லை, திடலோ வெறிச்சோடிக் கிடக்கிறது என்று அவர் எடுத்துரைத்தார். "அடுத்த கிண்ணத்துக்கும் இப்படியே ஆள் இல்லன்னா, திடல்ல தார் போட்டுடுவோம், கண்டக்டர். நான் என்ன பண்றது, சொல்லுங்க" என்று மலாயில் அவர் சொன்னதை அடுத்த அறையில் இருந்த நான் கேட்டேன். தாங்கள் வெளியே வந்து, நேரே திடலுக்குப் போய், நடுவட்டத்தில் நெடுநேரம் நின்றீர்கள்.

தங்கள் அருமை மகள் நவமணி கனடா நாட்டில் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியில், அரங்கின் இருக்கைகளை நிரப்புவதற்கென்றே உள்ள பிரிவில் பணிபுரிகிறார். மகளிடம் யோசனை கேட்டீர்கள். அவர் அணியின் ஆட்டத்தை மன்றத்துத் தொலைக்காட்சியில் எங்களுக்கும் காட்டினீர்கள். அங்கே சனிக்கிழமை மாலை, நமக்கு ஞாயிறு காலை. பந்து முட்டைபோல் நீண்டிருந்தது. ஆட்டக்காரர்கள் தலைக்கவசம் மாட்டி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். நம் ஓட்டுநர் தங்கையா பொறுக்க மாட்டாமல், "என்னாங்க இது, காலால ஒதைக்கவே காணோம், கால்பந்துன்னு பேரு வச்சிருக்கானுங்க லா!" என்றார். ஆனால், தாங்கள் பந்தைப் பார்க்கவில்லை. படக்கருவி திரும்பும்போதெல்லாம் தெரிந்த வெற்று நாற்காலிகளையும், அமர்ந்திருந்தோரின் நரைத்த தலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அத்தனை பெரிய அரங்குக்கும் நம் திடலின் நோய்தான் என்று கண்டபோது தங்கள் முகத்தில் கவலையும் ஆறுதலும் சேர்ந்து வந்தன.

நவமணி அன்று தொலைபேசியில் சொன்னதைத் தாங்கள் மன்றக் கூட்டத்தில் அப்படியே திருப்பிச் சொன்னீர்கள். "அப்பா, டிக்கெட்ட குறைச்சுப் பார்த்தோம், சும்மாவும் குடுத்துப் பார்த்தோம். பெரியவங்க ஆட்டத்தப் பார்க்க வர்றாங்க. இளசுங்க அப்படி இல்ல. நாம வந்தது யாருக்காச்சும் தெரியுதான்னு பார்க்குதுங்க. தெரியலன்னா மறுதடவ வராதுங்க." அதற்கு மருந்தாக அவர் அங்கே செய்துபார்த்த சில வழிகளையும் சொன்னார்: பாட்டு, பலகாரம், இடைவேளையில் சிறுவர்களைக் களத்தில் ஓடவிடுவது. எல்லாவற்றையும் தாங்கள் செய்தீர்கள். ஒலிபெருக்கி கட்டினீர்கள். ரிங்லெட்டில் கடை வைத்திருக்கும் ஈசா பாயை அழைத்து வந்து திடலோரம் கல்லில் மர்த்தபாக் ரொட்டி போடவைத்தீர்கள். கூட்டம் வந்தது, தின்றது, இடைவேளையில் கிளம்பியது. அன்று மாலை கல்லைக் கழுவியபடியே ஈசா பாய், "கண்டக்டரே, சொன்னா கோவிச்சுக்காதீங்க. ஆட்டத்துக்கு ஆளு வரல. என் மர்த்தபாக்குக்குத்தான் வந்துச்சு. நாளைக்கு நான் தானா ராத்தாவுல கல்லு போட்டா அங்கதான் நிக்கும்" என்றார். அவருக்கு வியாபாரம் நன்றாக நடந்த நாள் அது. ஆனாலும் தங்களுக்காக வருந்தினார்.

அடுத்து நடந்ததை இந்த மேடையில் சொல்லக்கூடாது என்று சிலர் தடுத்தார்கள். சொல்லாமல் விட்டால் இந்த மடல் முழுமை பெறாது, ஐயா, பொறுத்தருள்க!

நவமணி அனுப்பிய காணொளி ஒன்றில், அங்கே புள்ளி விழுந்ததும் பெரிய ஊதுகுழல் முழங்க, அரங்கமே துள்ளி எழுந்தது. அதைக் கண்ட தங்களுக்கு நம் ஆலைச் சங்கு நினைவுக்கு வந்தது. ஆட்டம் தொடங்கும்போது சங்கு ஊதினால் இளசுகள் திரும்பிப் பார்க்கும் என்பது தங்கள் கணக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை தாங்களே ஆலைக்குப் போய், நின்று, ஊதவைத்தீர்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்; எங்கள் யானைக்கு அன்று நாலு அடியும் சறுக்கியது. இந்த மலையில் ஞாயிறு பிற்பகலில் சங்கு ஊதினால் இரண்டே பொருள். ஒன்று, கொழுந்து முற்றுகிறது, எல்லோரும் வேலைக்கு வா. மற்றது, ஆபத்து, வீட்டை விட்டு வெளியே வா. பக்கத்து லெம்பா பெர்த்தாம் ஊருக்குள் வெள்ளமும் சேறும் புகுந்த அந்த ஆண்டுக்குப் பிறகு சங்குச் சத்தம் கேட்டு இங்கே எவரும் உட்கார்ந்திருந்ததில்லை.

தோட்டம் முழுவதும் திடலுக்கு ஓடிவந்தது. வங்காளதேசத்துத் தோழர்கள் மழைச்சட்டை மாட்டி, சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு, இருவர் பிடிக்கும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தையும் தோளில் சுமந்து, திடலோரத்து எடைக்கொட்டகை முன் வரிசையாக நின்றார்கள். லயத்து வரிசை வீடுகளிலிருந்து தாய்மார் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கேஸ் தோங்கை, அந்தக் கனத்த உருளையை, தூக்கிக்கொண்டு வந்தார். ஒருவர் கொதிக்கும் சோற்றுப்பானையோடு வந்தார். இன்று சிரிக்கிறோம், அன்று எவரும் சிரிக்கவில்லை. பனி அடர்ந்துவிட்டது. பிள்ளையைக் காணாத தாயின் கூக்குரலும் தாயைக் காணாத பிள்ளையின் அழுகையும் வெள்ளைச் சுவருக்குள்ளிருந்து கேட்டன. மலைப்பாதைப் பக்கம் சிலர் ஓடுகிறார்கள் என்று யாரோ கத்தினார்கள்.

தாங்கள் ஆலையிலிருந்து ஓடிவந்து ஒலிவாங்கியைக் கையில் எடுத்தீர்கள். "யாருக்கும் ஒண்ணும் இல்ல. யாரும் ஓடாதீங்க. சங்க ஊதச் சொன்னது நான்தான். கால்பந்துக்கு ஊதுனேன். தப்பு என்னுது, மன்னிச்சுக்குங்க" என்றீர்கள். அழுகை அடங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துக்கு எந்த வார்த்தையால் ஆறுதல் சொல்வது? அப்போதுதான், ஐயா, தங்கள் நாவு தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சென்றது. முதல் லயத்தின் முதல் வீட்டிலிருந்து பெயர் அழைக்கத் தொடங்கினீர்கள்.

தாளைப் பார்க்கவில்லை, எவரையும் கேட்கவில்லை. வீடு வீடாக, பெரியவர், சிறியவர், போன வாரம் பிறந்த பிள்ளை வரை பெயர் பெயராக அழைத்தீர்கள். "வடிவம்மாள்!" என்றீர்கள், "இருக்கேன்யா, புள்ளைங்களும் இருக்கு!" என்று பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. கைக்குழந்தையின் பெயரைச் சொன்னீர்கள். அதன் தாய் அழுதபடியே "இருக்கான்யா" என்றாள். பட்டப்பெயரால் மட்டுமே அறியப்பட்டு, தம் உண்மைப் பெயரைப் பெற்றோரே மறந்திருந்த இளவட்டங்களைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி அழைத்தீர்கள். அவர்கள் திகைத்துப் போய்ப் பதில் தந்தார்கள். ரஃபிகுல் என்ற தோழர் மட்டும், "ஆடா, போஸ்! கொழுந்து மானா?" என்று, கொழுந்து எங்கே எனக் கேட்டார். பதில் வராத பெயர்களை இரண்டாம் முறை அழைத்தீர்கள். ஒவ்வொரு குரலும் வர வர அழுகை குறைந்தது. கடைசி லயத்தின் கடைசிப் பெயருக்கும் பதில் வந்தபோது, பனிக்குள் எவரும் காணாமற் போகவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த அமைதியில் தங்கள் வாழ்க்கைத் துணைவியார் உமாதேவி அம்மையாரின் குரல் கேட்டது: "எல்லார் பேரையும் கூப்பிட்டீங்க. உங்க பேர யாரு கூப்பிடுறது? நீங்க இருக்கீங்களா இல்லையா?" திடல் முழுவதும் சிரித்தது. தாங்கள் பதில் சொல்லவில்லை. நடுவரைப் பார்த்து ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னீர்கள். வந்தவர்கள் வந்தபடியே இருந்து, கேஸ் தோங் மேலும் சாக்கு மேலும் அமர்ந்து, பாதி தெரிந்தும் தெரியாமலும் முழு ஆட்டத்தையும் பார்த்தார்கள்.

துரை அவர்கள் மறுநாள் தங்களைக் கடிந்துகொண்டது நியாயம். "இனி சங்கத் தொட்டீங்கன்னா திடல் மட்டும் இல்ல, மன்றமும் போயிடும்" என்றார். தாங்கள் தலைகுனிந்து ஏற்றீர்கள். ஆனால், அடுத்த ஞாயிறு சங்கு ஊதாமலேயே, திடலோரம் சில பிள்ளைகள் வந்து நின்றார்கள். மூன்றாம் லயத்துப் பெண்பிள்ளை ஒருத்தி, "ஐயா, இன்னிக்கும் பேரு கூப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். அன்று தங்கள் விழிகள் கலங்கின, ஐயா. தூசி விழுந்தது என்றீர்கள். கேமரன் மலைப் பனியில் தூசி பறந்ததை அன்றுதான் கேள்விப்பட்டோம்!

அன்று தொடங்கியதே எங்கள் திடலின் பார்வையாளர் பெரட்டு. ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர் பெயரையும் அதன்பின் பார்க்க வந்தோர் பெயரையும் அழைக்கும் வழக்கம் வேறெங்கும் உண்டா என்று எங்களுக்குத் தெரியாது. தன் பெயர் அழைக்கப்படும்போது தான் இல்லாமற் போகக்கூடாது என்று இளையோர் நேரத்தோடு வந்தார்கள். எதிரணித் தோட்டத்துப் பிள்ளைகள் தம் பெயரையும் சேர்க்கச் சொன்னார்கள். அவர்களையும் மனப்பாடம் செய்தீர்கள். பனி இறங்கி ஆட்டம் மறைந்தால், முன்னே நிற்பவர்கள் பின்னே நிற்பவர்களுக்குச் சொல்லி, ஒரு கோலின் செய்தி வரிசை வரிசையாகத் திடலைச் சுற்றி வரும். நவமணி சொன்ன சொல்லின் பொருள் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. தம்மை ஒருவர் அறிந்திருக்கிறார் என்று தெரிந்த இடத்துக்கு இளையோர் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

ஒரே ஒரு பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை. லிங்கேஸ்வரன். நம் அணியின் கோல்காவலராக நின்றவர். அதற்கு இரண்டாண்டு முந்தைய இறுதி ஆட்டத்தில் பனிக்குள்ளிருந்து வந்த பந்தைக் காணாமல் விட்டவர். அந்தத் தோல்விக்குத் தோட்டம் அவரைப் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. அன்றோடு திடல் பக்கமே வராமல், தாம் உண்டு தம் லாரி உண்டு என்று ஒதுங்கிவிட்டார். சங்கு ஊதிய அன்றும், லாரியோடு வெளியே போயிருந்த அவருக்காக வீட்டார்தான் பதில் தந்தார்கள். தாங்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் பெயரை அழைத்தீர்கள். சற்று நிறுத்தி, இரண்டாம் முறையும் அழைத்தீர்கள். "அவன் வரமாட்டான், விடுங்கய்யா" என்று எங்களில் பலர் சொன்னோம். தாங்கள் விடவில்லை.

கிண்ணத்தின் இறுதி நாள் வந்தது. அன்றைய கூட்டத்தைப் பொறுத்தே திடலின் விதி என்பதைத் தோட்டத்துக் குழந்தையும் அறியும். துரை அவர்கள் தாமும் வந்து மக்களோடு மக்களாகப் புல்லில் அமர்ந்தார். திடலின் நாலு பக்கமும் நிறைந்து, தேயிலைச் சரிவிலும் ஆட்கள் நின்றார்கள். பெயர் அழைத்துக்கொண்டே வந்த தாங்கள், எவரும் எதிர்பாராமல், "கைருல்!" என்றீர்கள். "ஆடா!" என்றார் துரை, எழுந்து நின்று. அப்போது எழுந்த ஆரவாரத்துக்குச் சங்கு தேவைப்படவில்லை.

அதன்பின் "லிங்கேஸ்வரன்!" என்றீர்கள். பதில் இல்லை. வழக்கம்போல் சற்று நின்று, மறுபடியும் அழைத்தீர்கள். கோலுக்குப் பின்னால், பனி மூடிய தேயிலைச் செடிகளுக்கு இடையிலிருந்து, மெல்லிய குரல் ஒன்று வந்தது: "இருக்கேன்யா." பிறகு அவரே எங்களிடம் சொன்னார். முதல் பெரட்டு நாளிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர் அங்கேதான் வந்து நின்றிருக்கிறார்; ஒவ்வொரு முறையும் தம் பெயரைக் கேட்டிருக்கிறார்; வாய்தான் வரவில்லையாம். "ரெண்டாவது தடவ கூப்பிடுறப்ப ஒவ்வொரு வாட்டியும் சொல்லிடலாம்னு இருக்கும்" என்றார். இப்போது மீண்டும் அவரே நம் காவலர். இந்த மடலுக்குச் சட்டமிட்டுக் கண்ணாடி போட்டதும் அவர்தான்.

அன்று கிண்ணத்தை வென்றது யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. வென்றவர்கள் நாங்கள் அல்லர். ஆனால் மறுநாள் காலை துரை அவர்கள் அலுவலகத்துக்கு வந்து, "வண்டியெல்லாம் பழைய நாற்றுமேட்டுல நிக்கட்டும். திடல் திடலாவே இருக்கட்டும்" என்றார். தாங்கள் "சரிங்க துரை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கவாத்துப் பார்க்கப் போய்விட்டீர்கள்.

அன்புடையீர்! பணி நிறைவு பெற்றுத் தோட்டத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு, தாங்களும் அம்மையாரும் மகளோடும் பேரப்பிள்ளையோடும் வாழக் கனடாவுக்குச் செல்கிறீர்கள். மகிழ்கிறோம் என்று எழுதத்தான் நினைத்தோம். உண்மையைச் சொன்னால், மகிழ்ச்சியாக இல்லை. தங்கள் இடத்தில் நின்று பெயர் அழைக்க லிங்கேஸ்வரனையும் என்னையும் செயற்குழு நியமித்திருக்கிறது. எங்களுக்குத் தங்கள் குரலும் இல்லை, நினைவாற்றலும் இல்லை. ஆனால் ஒரு திருத்தம் செய்திருக்கிறோம். இத்தனை காலமும் அந்தப் பெரட்டில் ஒரு பெயர் விடுபட்டே இருந்தது. அன்று அம்மையார் கேட்ட கேள்விக்கு இன்றுவரை திடலில் பதில் இல்லை. வரும் ஞாயிறு முதல், எல்லாப் பெயர்களுக்கும் முன்னால், திருச்செல்வம் என்ற பெயரை அழைப்போம்.

பதில் வராது என்று தெரியும். இங்கே ஆட்டம் தொடங்கும் வேளையில் அங்கே ஊரே உறங்கிக்கொண்டிருக்கும். ஆயினும் பதில் வராவிட்டால் ஆள் வரவில்லை என்று பொருள் இல்லை எனக் கற்பித்தவர் தாங்கள். ஆகவே சற்று நிறுத்தி, இரண்டாம் முறையும் அழைப்போம். ஒவ்வொரு ஆட்டத்திலும் அழைப்போம். அதன் பின்னரே நடுவர் ஊதல் ஊதுவார்.

நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் என்று மற்ற மடல்கள் வாழ்த்தும். எங்களுக்குத் தெரிந்த வாழ்த்து ஒன்றே. உறைபனி பெய்யும் அந்தத் தேசத்தில், அம்மையாரின் துணையோடும் பேரப்பிள்ளையின் சிரிப்போடும், நாங்கள் இங்கே தங்கள் பெயரை அழைக்கும் ஒவ்வொரு முறையும், எங்கள் காதில் விழாவிட்டாலும், அரைத்தூக்கத்தில் புரண்டு படுத்தாவது, "இருக்கேன்" என்று தாங்கள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் அழைக்கும் காலத்திலும் சொல்ல வேண்டும்; அவர்களின் பிள்ளைகள் அழைக்கும் காலத்திலும் சொல்ல வேண்டும்.

இன்று மட்டும் தாங்கள் எதிரிலேயே இருக்கிறீர்கள். மண்டபத்தில் உள்ளோர் அனைவரும் எழுந்து நிற்கிறோம், ஐயா. முதல் பெயரை அழைக்கிறோம். இன்று எங்களுக்குக் காதால் கேட்க வேண்டும்.

திருச்செல்வம்!

இங்ஙனம்,
தாங்கள் பெயர் சொல்லி அழைத்ததால் வந்து நின்ற
புக்கிட் கெலாடித் தேயிலைத் தோட்டப் பணியாளர்களும்
கால்பந்து மன்றத்தாரும்,
ரிங்லெட், பகாங்